ஓரெழுத்து மாறிய பூட்டு

2024ஆம் ஆண்டு ரமளான் தலைப்பிறைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பண்டாரி என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டு வந்தார். திருச்சி பாலக்கரைப் பகுதியில் அவர் கைப்பக்குவத்தை அறியாதார் குறைவு. லுஹர் தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டுவார். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கைமாவும் தேக்சாவில் கூடி வெந்து, அசருக்குள் கஞ்சி இறக்கப்பட்டுவிடும். தூக்குவாளியோடு வரும் பிள்ளைகளில் எந்த மதத்தார் என்று அவர் பார்த்ததில்லை.

"ஹஜ்ரத், இரத்தத்தில் புற்று என்று சொல்லி ஐந்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். நோன்பு வைக்கலாமா?" என்று கேட்டார்.

கிதாபுகளில் உள்ளபடி விடை கூறினேன். நோயாளிக்கும் பயணிக்கும் அல்பகரா அத்தியாயத்திலேயே சலுகை உண்டு. குணமான பின் களாச் செய்யலாம். தீராத நோயென்றால் ஃபித்யா கொடுக்கலாம். தலையசைத்துச் சென்றுவிட்டார். விடையில் பிழையில்லை. ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது: அந்த மாத்திரையை எப்பொழுது, எப்படி உண்கிறீர்? அதை நான் கேட்கவில்லை.

ஊருக்கெல்லாம் கஞ்சி ஊற்றும் கை, தான் நோன்பின்றி நிற்பதா என்ற நாணம் அவரை விடவில்லை. நோன்பு வைத்தார். பேரீச்சம்பழத்தோடும் ஒரு மிடறு கஞ்சியோடும் மாத்திரையை விழுங்கினார். வெறும் வயிற்றில் அது குமட்டி, மஃக்ரிப் தொழுகைக்கு முன்பே வாந்தியாயிற்று. மறுநாள் இரவு விழுங்கலாம் என்று தள்ளிவைத்தார். தராவீஹ் முடித்து வந்த களைப்பில் உறங்கிப்போனார். இப்படி ஒன்று விட்டு ஒன்றாகப் பல நாள்கள் கழிந்தன. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. எனவே ரமளானில் விட்டது ஷவ்வாலிலும் தொடர்ந்தது. அடுத்த இரத்தப் பரிசோதனையில், அதுவரை 0.1 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த ஓர் எண் ஒன்றைத் தாண்டி நின்றது. மருத்துவரிடம் செல்லத் துணைக்கு அழைத்தார். குற்றவுணர்வோடு உடன் சென்றேன்.

காத்திருப்போர் வரிசையில் எங்களுக்கு அடுத்து, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார். பள்ளியில் உயிரியல் கற்பித்தவர். அவருக்கும் அதே நோய், அதே மாத்திரை. மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். 2016இல் தொடங்கி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். மாத்திரை விழுங்கியதும் ஒரு டிக். ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. ஆயினும் அவர் எண்ணும் ஏறியிருந்தது. "சரியாச் சாப்பிட்டியான்னு எல்லாரும் கேட்கிறா, சார். அதனாலேயே இந்த நோட்டை எங்கே போனாலும் எடுத்துண்டு போறேன்" என்றார்.

மாத்திரையை விட்டவருக்கும் எண் ஏறியது; ஒரு நாளும் விடாதவருக்கும் ஏறியது. கலைப் பட்டதாரியான எனக்கு இந்தப் புதிர் விளங்கவில்லை. அன்றும் பின்னர் பலமுறையும் அந்த டீச்சரம்மா பொறுமையாய் விளக்கியதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் இத்தகைய மாத்திரை உண்போர் இன்று பலர்.

இந்நோய்க்கு நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்று என்று பெயர். மருத்துவச் சீட்டில் சி.எம்.எல். என எழுதுவார்கள். 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்னும் இருவர், இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடச் சிறுத்திருப்பதைக் கண்டனர். அது ஏன் என்பதை 1973இல் ஜேனட் ரவுலி என்னும் பெண்மணி கண்டறிந்தார். 9ஆம் குரோமோசோமின் நுனியும் 22ஆம் குரோமோசோமின் நுனியும் முறிந்து இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. இரு வேறு புத்தகங்களின் ஏடுகளைப் பைண்டு செய்பவர் மாற்றித் தைத்துவிட்டாற்போல, ஒன்றின் பாதி வாக்கியமும் மற்றொன்றின் பாதி வாக்கியமும் சேர்ந்து புதியதொரு கட்டளை பிறந்தது. பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்பது அக்கலப்பு மரபணுவின் பெயர். (இதன் அளவை அறியச் செய்யும் பரிசோதனைக்கும் தமிழில் எழுதினால் பி.சி.ஆர். என்றே வரும். ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு. இரண்டும் ஒன்றென நோயாளிகள் குழம்புவதில் வியப்பில்லை, நானும் குழம்பினேன்.)

அந்தக் கட்டளையிலிருந்து உருவாகும் புரதம் கைனேஸ் என்னும் வகையைச் சேர்ந்தது. கைனேஸின் வேலையை ஒரு அலுவலகத்தின் முத்திரைக்காரருக்கு ஒப்பிடலாம். ஏ.டி.பி. என்னும் பொருளிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து மற்றொரு புரதத்தின்மேல் குத்துவார். குத்து விழுந்த புரதம் வேலையைத் தொடங்கும். மனித உடலில் இத்தகைய முத்திரைக்காரர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் உள்ளனர். 2002இல் வெளியான கணக்கு 518 என்கிறது. உரிய நேரத்தில் குத்தி, உரிய நேரத்தில் முத்திரையைக் கீழே வைப்பது அவர்கள் ஒழுங்கு. இந்தக் கலப்புக் கைனேஸோ முத்திரையைக் கீழே வைப்பதே இல்லை. 'பெருகு, பெருகு' என்ற ஆணை ஓயாமல் போய்க்கொண்டிருக்க, வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகுகின்றன.

அந்தக் கையை மட்டும் கட்டிப்போட முடியுமா என்பதே மருந்து வடிப்போர் முன்னிருந்த கேள்வி. கடினம் எங்கே என்றால், ஏ.டி.பி. வந்து அமரும் குழி ஏறத்தாழ எல்லாக் கைனேஸ்களிலும் ஒரே சாயலில் இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியைக் கேட்டால் சொல்வார்: ஒரே அச்சில் ஐந்நூறு பூட்டுகள் செய்தால் ஒரு சாவி அனைத்தையும் திறந்துவிடும். உடலின் எல்லா முத்திரைக்காரர்களையும் ஒருசேரக் கட்டினால் நோயோடு நோயாளியும் போய்விடுவார். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் சிபா-கைகி நிறுவனத்தில் நிக்கலஸ் லைடன், அலெக்ஸ் மாட்டர், யூர்க் சிம்மர்மன், எலிசபெத் புக்டுங்கர் ஆகியோர் கூடி உருவாக்கிய இமாட்டினிப் என்னும் பொருள் இந்தச் சிக்கலைக் கடந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மருத்துவர் பிரையன் டிரக்கர் 1998 ஜூனில் அதை முதல் நோயாளிக்குக் கொடுத்தார். 2001 மே மாதம் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. முன்னர்ச் சில ஆண்டுகளில் உயிரைக் குடித்த நோய், நாள்தோறும் மாத்திரை உண்டு வாழும் நோயாயிற்று. முதலில் இம்மருந்தையே தொடங்கியவர்களைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வொன்றில், பத்தாண்டு கழித்து உயிரோடிருந்தோர் 83 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அல்ஹம்துலில்லாஹ்!

ஏறத்தாழ ஒரே சாயலிலுள்ள குழிகளில் ஒன்றை மட்டும் அது எவ்வாறு இனங்கண்டது? 2000ஆம் ஆண்டு ஜான் குரியன் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடம் இம்மருந்தின் நெருங்கிய வடிவமொன்று கைனேஸில் அமர்ந்திருக்கும் கோலத்தை எக்ஸ் கதிரால் படமெடுத்துக் காட்டியது. குரியன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கிப் பின் அமெரிக்கா சென்றவர். வேலை செய்யும்போது எல்லாக் கைனேஸ்களும் ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. ஓய்ந்திருக்கும்போதுதான் ஒவ்வொன்றும் தன் பாணியில் உட்காருகிறது. இமாட்டினிப், இந்தக் கைனேஸ் ஓய்ந்திருக்கும் கணத்தில் புகுந்து, மீண்டும் எழவிடாமல் பிடித்துக்கொள்கிறது. (முற்றிலும் ஒன்றையே பிடிக்கிறது என்பதற்கில்லை. வேறு சில கைனேஸ்களையும் அது பிடிக்கும். அதனாலேயே குடற்பகுதியில் வரும் ஒருவகைக் கட்டிக்கும் அது மருந்தாகிறது.)

புரதத்தின் உருவப்படம் சரியா, பிழையா என்று உலகெங்கும் சோதிக்கப் பயன்படுத்தும் கட்டளைக்கல் ஒன்று உண்டு. 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று அதற்குப் பெயர். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்டது. அந்த ராமச்சந்திரன் இயற்பியல் பயின்றது நமது திருச்சி புனித வளனார் கல்லூரியில்; 1942இல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அப்துல் கலாம் அவர்கள் படித்த அதே கல்லூரிதான். டீச்சரம்மா இதைச் சொன்னபோது, ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வரும்போதெல்லாம் அந்தக் கல்லூரியைக் கடந்துதான் மருத்துவரிடம் வருகிறேன் என்று சிரித்தார்.

இனி, புதிருக்கு வருவோம்.

2001இல், மருந்து வந்த அதே ஆண்டில், சார்ல்ஸ் சாயர்ஸ் என்பவரின் குழுவினர் ஒரு கசப்பான செய்தியை வெளியிட்டனர். மருந்துக்குக் கட்டுப்பட்டிருந்து பின்னர் நோய் முற்றித் திரும்பிய சிலரின் கைனேஸில், 315ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியிருந்தது. திரியோனின் இருக்க வேண்டிய இடத்தில் ஐசோலூசின். ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகளைக் கொண்ட சங்கிலியில் ஒரு கண்ணி! மரபணு ஏட்டில் பார்த்தால் மாறியது ஓரெழுத்து மட்டுமே.

ஓரெழுத்தின் வலிமையை மதரஸா ஆசிரியனுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தொண்டையின் அடியிலிருந்து வரும் பெரிய காஃபால் 'கல்ப்' என்றால் இதயம்; சிறிய காஃபால் சொன்னால் நாய். ஓதும் பிள்ளைகளை இதற்காக நான் எத்தனை முறை நிறுத்தியிருக்கிறேன்! டி.315.ஐ. எனப்படும் இம்மாற்றமும் அத்தகையதே. திரியோனினில் மருந்து பற்றிக்கொள்ள ஒரு பிடி உண்டு. ஐசோலூசினில் அந்தப் பிடி இல்லை. போதாக்குறைக்கு அது பருத்து, குழியின் வாயிலை அடைத்தும் நிற்கிறது. அறிவியலார் அவ்விடத்தை வாயிற்காவலன் என்றே அழைக்கின்றனர். ஏ.டி.பி. எப்போதும்போல் வந்து போகும். மருந்து மட்டும் வெளியே நிற்கும்.

எழுத்துப் பிழையை உண்டாக்குவது மருந்தன்று. கோடானுகோடி அணுக்கள் பிரியும்போது பிழைகள் தாமாக நேர்கின்றன. மருந்து தொடங்கும் முன்னரே ஒன்றிரண்டு மாறிய அணுக்கள் இருந்திருக்கவும் கூடும். வயலில் களைக்கொல்லி தெளித்தால் அதற்கு மடியாத புல் மட்டும் எஞ்சித் தழைப்பது போல, மற்றவை ஒடுங்கிய பின் அவை பெருகுகின்றன. டீச்சரம்மாவுக்கு நிகழ்ந்தது இதுவே. மரபணுப் பரிசோதனையில் டி.315.ஐ. என்று எழுதி வந்தது. நோட்டில் இன்னும் நூறு டிக் இருந்திருந்தாலும் இது நேர்ந்திருக்கலாம். மருந்து பலிக்காமற் போன நோயாளியைப் பார்த்து, "நீ ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாய்" என்பது நம்மில் பலருக்கு நாவின் நுனியில் இருக்கும் சொல். அது எவ்வளவு பெரிய அநீதி என்பதை அந்த நோட்டுப் புத்தகத்தைக் கண்ட அன்று உணர்ந்தேன்.

அதற்காக, மாத்திரையை விட்டாலும் ஒன்றே, விடாவிட்டாலும் ஒன்றே என்று கொள்ளலாகாது. இலண்டனில் 87 நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்துப் புட்டியின் மூடியில், திறக்கும்போதெல்லாம் பதிவு செய்யும் கருவியைப் பொருத்தி ஆராய்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மாத்திரை உண்டவர்களில், ஆறாண்டுக்குள் நோயின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காக ஒடுங்கும் வாய்ப்பு 94.5 விழுக்காடு, தொண்ணூறும் அதற்குக் குறைவாகவும் உண்டவர்களுக்கு 28.4 விழுக்காடு. எண்பதும் அதற்குக் கீழும் இருந்தவர்களில் அந்நிலையை எட்டியவர் ஒருவருமில்லை. தொண்ணூறு விழுக்காடு என்றால் மாதத்தில் மூன்று மாத்திரை விடுவது. நம் பண்டாரி ஒரு ரமளானில் விட்டது பத்துக்கு மேல்! அவருக்கும் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். முடிவு வரும்வரை நான் உறங்கிய உறக்கத்தை இறைவன் அறிவான். எழுத்து மாறவில்லை; பூட்டு பழைய பூட்டுதான், சாவிதான் போடப்படவில்லை. அதே மாத்திரையைத் தவறாது உண்டதில் சில மாதங்களில் எண் மீண்டும் 0.1க்குக் கீழே இறங்கியது.

மருந்து வடிப்போர் 2001இன் செய்தியைக் கேட்டு ஓய்ந்துவிடவில்லை. 2006இல் டாசட்டினிப், 2007இல் நிலோட்டினிப், 2012இல் போசுட்டினிப் என அடுத்த தலைமுறை வந்தது. மற்ற எழுத்து மாற்றங்களில் பெரும்பாலானவற்றை இவை வென்றன. 315ஆம் இடத்து வாயிற்காவலனிடம் மட்டும் அனைத்தும் தோற்றன. அதற்கென்றே வடிக்கப்பட்டது பொனாட்டினிப். இரு கார்பன் அணுக்களை மூன்று பிணைப்புகளால் இறுக்கி, ஊசிபோல் மெலிந்த ஒரு பாலத்தை மருந்தின் நடுவே வைத்தார்கள். பருத்து நிற்கும் ஐசோலூசினை உரசாமல் அந்த ஊசி பக்கவாட்டில் நுழைந்துவிடுகிறது. எவ்வளவு நுட்பமான வேலை! 2012 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அடுத்த ஆண்டே, இரத்தக் குழாய்களில் அடைப்பு உண்டாவது கண்டு அமெரிக்காவில் சிறிது காலம் விற்பனையை நிறுத்திவைத்து, கட்டுப்பாடுகளோடு மீண்டும் அனுமதித்தார்கள். மற்றொரு வழியும் திறந்தது. 2021இல் ஒப்புதல் பெற்ற அசிமினிப், அந்த நெரிசலான குழியை நாடுவதே இல்லை. கைனேஸின் பின்புறத்தில் வேறொரு பள்ளம் உண்டு, இயல்பான ஏ.பி.எல். புரதம் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளப் பயன்படுத்திய இடம். அங்கே அமர்ந்து அடக்குகிறது அசிமினிப். முன்வாயிலில் காவலன் மாறியிருந்தால் என்ன, கொல்லைப்புறம் இருக்கிறதே! டி.315.ஐ. உள்ளவர்களுக்கு இதைக் கூடுதல் அளவில் தருகிறார்கள். நுரையீரல் புற்றிலும் இதே துரத்தல் நடக்கிறது: முதல் மருந்து, எழுத்து மாற்றம், அதற்கென 2015இல் வந்த ஓசிமெர்ட்டினிப், அதையும் ஏய்க்கும் மற்றோர் எழுத்து மாற்றம்.

சாவி இருந்தால் போதுமா? வாங்க இயல வேண்டாமா? டிரக்கர் முதல் நோயாளிக்கு மருந்து கொடுத்ததற்கு அடுத்த மாதம், 1998 ஜூலையில், நோவார்டிஸ் நிறுவனம் இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டுச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. அந்நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். நம் நாட்டு நிறுவனங்கள் செய்தது 8,000 முதல் 10,000 ரூபாய். புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் உள்நாட்டு நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளியது. பழைய மருந்தின் புதிய வடிவம் கூடுதல் பலன் தந்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்னும் சட்டப் பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்சநீதிமன்றத்தில் நீதியரசர்கள் ஆப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் அளித்த தீர்ப்பு வழக்கை முடித்தது. அந்நிறுவனம் இந்திய நோயாளிகள் பலருக்கு இலவசமாகவும் மருந்து வழங்கியது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் நன்கொடை என்பது கொடுப்பவர் விருப்பம். ஒரு பண்டாரி தன் கூலியில் வாங்கி உண்ணும் விலைக்கு மருந்து கடையில் இருப்பது வேறு. இன்று அவர் உண்ணும் மாத்திரைக்கும் அந்தத் தீர்ப்புக்கும் தொடர்புண்டு; அவருக்கு அது தெரியாது.

புதிய தலைமுறை மருந்துகள் அத்தனை எளிதில் கைக்கு எட்டுவதில்லை. டீச்சரம்மாவுக்குப் பொனாட்டினிப் எழுதித் தந்தார் மருத்துவர். அவருடைய மகன் எங்கெங்கோ அலைந்து, நகையில் ஒரு பகுதியை விற்று வாங்கிவந்தார். குறைந்த அளவில் தொடங்கி, இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் கண்காணித்துக்கொண்டே கொடுக்கிறார்கள்.

மருத்துவரின் அறையில் பண்டாரி தயங்கித் தயங்கி நோன்பைப் பற்றிச் சொன்னார். அவர் கடிந்துகொள்ளவில்லை. "இதை ஏன் முன்னாலேயே கேட்கவில்லை? நாளுக்கு ஒரு வேளைதானே! நோன்பு திறந்தவுடன் வேண்டாம். தராவீஹ் முடித்து வந்து வயிறாரச் சாப்பிட்ட பின், ஒரு பெரிய டம்ளர் நீரோடு விழுங்குங்கள். உடம்பு தாங்கினால் நோன்பு வையுங்கள். தாங்காவிட்டால் உடனே வாருங்கள்" என்றார். நான் சலுகையைச் சொன்னேன், அவர் வழியைச் சொன்னார். எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. நிலோட்டினிப் போன்றவற்றை நாளுக்கு இருவேளை, பன்னிரண்டு மணி இடைவெளியில், வெறும் வயிற்றில் உண்ண வேண்டும். அவர்கள் கணக்கு வேறு. மருத்துவரே சில ஆண்டுகளுக்குப் பின் சிலருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. அது இடைவிடாத பரிசோதனையோடு நடப்பது. அப்படி நிறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது. நாமாக நிறுத்துவதோடு அதை ஒப்பிடக்கூடாது.

இப்பொழுதெல்லாம் யார் நோன்பு மஸ்அலா கேட்டு வந்தாலும், கிதாபைத் திறக்கும் முன் மருந்துச் சீட்டைக் கொண்டுவரச் சொல்கிறேன். சென்ற ஷஃபான் மாதத்தில் பதினொரு பேர் கொண்டுவந்தார்கள். எனக்குப் புரியாத சீட்டுகளோடு அவரவர் மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன்.

2025 ரமளானில் பண்டாரி நோன்பு வைத்தார். பள்ளிவாசல் அடுப்படிச் சுவரில் கரிக்கட்டையால் முப்பது கட்டம் போட்டு, ஒவ்வோர் இரவும் ஒரு கோடு இழுத்தார், டீச்சரம்மாவிடம் கற்றது. ஒருநாள் கைமா சேர்ப்பதற்கு முன்பே ஒரு தூக்கில் கஞ்சியை எடுத்துத் தனியே வைத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் பேருந்து ஏறினேன். டீச்சரம்மா கஞ்சியில் வெந்தயம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார், அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில். முன்பக்கத்தில் அன்றைய கட்டத்தில் டிக் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் நான்காக இருந்த எண் அந்த வாரம் ஒன்றுக்குக் கீழே வந்திருந்தது.